எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஐந்து நாள்: கல், செம்பு, இரும்பு, எலும்பு, தாள்

புதன்: கல்

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் பரப்பு 16 ஏக்கருக்கு மேல். ஆறு கட்டடங்கள், 46 காட்சிக்கூடங்கள். கூடத்துக்கு ஐந்து நிமிடம் என்று கணக்குப் போட்டாலே ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகிவிடும். கூடத்திலிருந்து கூடத்துக்கு நடப்பதும் மாடி ஏறி இறங்குவதும் இதில் சேரவில்லை. ஒரே நாளில் முடிக்க நினைத்தால் மூன்று மணிக்கு மேல் எந்தச் சிலையும் மனதில் நிற்காது. அதனால் இந்தக் குறிப்புகளை ஐந்து நாளுக்குப் பிரித்திருக்கிறோம். கட்டட வரிசை இல்லை, கால வரிசையும் இல்லை. பொருள் வரிசை: கல், செம்பு, இரும்பு, எலும்பு, தாள். ஒரு பொருள் எதனால் ஆனது, எது அதைத் தின்கிறது என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். ஒன்று ஏன் கண்ணாடிக்குள் இருக்கிறது, இன்னொன்று ஏன் வெயிலில் நிற்கிறது, ஒரு கண்காட்சி ஏன் ஆறே வாரத்தில் மூடப்படுகிறது என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள் அடங்கியவை.

நடைமுறை விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறோம். எழும்பூர் ரயில் நிலையத்திலோ மெட்ரோவிலோ இறங்கினால் பாந்தியன் சாலைக்கு நடந்தே வந்துவிடலாம். காலை 9.30 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுகிறார்கள். வெள்ளிக்கிழமையும் தேசிய விடுமுறை நாள்களும் கிடையாது. வார இறுதியை வெள்ளியில் தொடங்கும் வெளியூர்க்காரர்கள் பூட்டிய வாசலைப் பார்த்துத் திரும்புவது இதனால்தான். கேமராவுக்குத் தனிச் சீட்டு. உயரத்தில் இருக்கும் சிற்பங்களுக்குச் சிறிய பைனாகுலர் மிகவும் உதவும். பேனாவை விடப் பென்சில் நல்லது. பேனா கைதவறினால் மை தெறிக்கும், பென்சிலுக்கு அந்த ஆபத்து இல்லை.

இந்த நிறுவனம் 1851-ல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் தொடங்கியது. எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர் முதல் பொறுப்பாளர். 1854-ல் இங்கே, பாந்தியன் என்று அழைக்கப்பட்ட பழைய பொழுதுபோக்கு மாளிகைக்கு மாறியது. சாலையின் பெயர் அந்த மாளிகையிலிருந்து வந்தது. அடுத்த ஆண்டே வளாகத்தில் ஒரு மிருகக்காட்சி சாலையும் இருந்தது. பின்னால் மூர்மார்க்கெட் பக்கம் போய், 1985-ல் வண்டலூரில் நிலைகொண்ட சாலையின் வேர் இதுதான். கன்னிமாரா நூலகம் 1896-ல் திறக்கப்பட்டது. சிவப்புக் கட்டடமான தேசியக் கலைக்கூடத்தை வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். 1909-ல் அது முடிந்தபோது விக்டோரியா நினைவு மண்டபம் என்று பெயர். அதன் முகப்பு வளைவைச் சாலையோரம் நின்று பார்த்தால் ஃபதேபூர் சிக்ரி வாசல் நினைவுக்கு வரும். அது தற்செயலாக வந்த சாயல் அல்ல.

இனி கல். நேராக அமராவதிக் கூடத்துக்குப் போங்கள். காலையில் கண் களைக்காமல் இருக்கும்போது பார்க்க வேண்டியது இது. ஆந்திராவின் குண்டூர்ப் பக்கம் கிருஷ்ணைக் கரையில் இருந்த பெரும் பௌத்தத் தூபியின் துண்டுகள் இங்கே இருக்கின்றன. கி.மு. 3-ஆம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கி கி.பி. 3-ஆம் நூற்றாண்டுவரை அந்தத் தூபியைப் புதுப்பித்துப் புதுப்பித்துக் கட்டியிருக்கிறார்கள். நில அளவையாளர் காலின் மெக்கன்சி 1797-ல் அங்கே போனபோதே உள்ளூர் ஜமீன்தாரின் ஆட்கள் கட்டடக் கல்லுக்காக மேட்டைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். 1816-ல் திரும்பி வந்து வரைபடம் போட்டபோது பலவும் போய்விட்டிருந்தன. 1845-ல் வால்டர் எலியட் தோண்டி எடுத்தவை சென்னைக்கு வந்து, வெட்டவெளியில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, 1859-ல் லண்டனுக்குக் கப்பலேறின. அவை இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. பின்னால் ராபர்ட் சீவெல் 1877-லும் ஜேம்ஸ் பர்ஜெஸ் 1881-82-லும் எடுத்த கற்களில் பெரும்பகுதி இங்கே தங்கின. ஒரே தூபி இரண்டு கண்டங்களில் கிடக்கிறது. எந்தத் துண்டைப் பார்த்தாலும் அதன் அடுத்த துண்டு எங்கே என்று கேட்டுக்கொள்வது நல்ல பழக்கம்.

முதலில் உறுப்புகளைப் பிரித்தறியுங்கள். தூபியைச் சுற்றி ஓடிய வேலியில் நிமிர்ந்து நிற்பவை தூண்கள். தூணின் துளைக்குள் செருகும் குறுக்குக் கற்கள் சூசிகள். மேலே நீளமாக ஓடும் முகட்டுக்கல் உஷ்ணீஷம். வட்டத்துக்குள் செதுக்கிய தாமரையைக் கண்டால் அது தூணிலோ சூசியிலோ இருந்தது என்று வையுங்கள். தூபி முழுவதையும் சிறிய அளவில் செதுக்கிய பலகை கண்ணில் பட்டால் அங்கே பத்து நிமிடமாவது நில்லுங்கள். கட்டடம் அழிந்துபோனாலும் அதன் தோற்றத்தை அன்றைய சிற்பியே அதில் விட்டுப் போயிருக்கிறான். வேலி, வாசல், நான்கு திசைகளிலும் ஐந்தைந்து தூண்கள், மேலே குவிமாடம் என எல்லாமே அதில் உண்டு.

காலத்தைக் கணிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. புத்தரின் உருவம் இல்லாமல் காலியான ஆசனம், பாதச் சுவடு, போதிமரம், தீத்தூண் என்று குறிகளால் மட்டும் காட்டியிருந்தால் பெரும்பாலும் முந்தைய காலம். மனித உருவில் புத்தர் நின்றால் பிந்தையது. ஆனால் இரண்டும் சில காலம் சேர்ந்தே நடந்திருக்கின்றன. ஆகவே இந்த ஒரு அடையாளத்தை வைத்து மட்டும் முடிவு கட்டக் கூடாது. நான்கு பெண்கள் பாதச் சுவடுகளின் முன் குனிந்து வணங்கும் வட்டச் சிற்பத்தைப் பாருங்கள். வணங்கப்படுபவர் கல்லில் இல்லை. அந்த முதுகுகளின் வளைவே அவரைக் காட்டிவிடுகிறது.

நளகிரி வட்டம் இந்தக் கூடத்தின் உச்சம். மதம் பிடித்த யானையைப் புத்தர் அடக்கிய கதை. ஒரே வட்டத்துக்குள் ஒரே யானை இரண்டு முறை வருகிறது. ஒரு பக்கம் தெருவில் ஆட்களை மிதித்துத் தூக்கி வீசுகிறது, மறுபக்கம் புத்தரின் முன் மண்டியிடுகிறது. மாடத்திலிருந்து எட்டிப் பார்க்கும் முகங்கள், பயந்து பின்வாங்கும் பெண் என்று ஊரே அந்த ஒரு வட்டத்துக்குள் அடைந்து நிற்கிறது. இரண்டு யானைகள் என்று எண்ணிப் பார்ப்பவர்களுக்குக் கதை பிடிபடாது. இடமிருந்து வலமாக ஓடும் நேரம் அது.

இப்போது கல்லின் நோயைப் பார்ப்போம். அமராவதிக் கல் ஒருவகைச் சுண்ணாம்புக்கல். மென்மையாக இருப்பதால்தான் உளி இவ்வளவு நுணுக்கமாக ஓடியது. அதனால்தான் இவ்வளவு எளிதாகக் கெடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவற்றைச் சுவரோடு சேர்த்து சிமென்ட் வைத்துப் பதித்தார்கள். உறுதியாக நிற்கும் என்று நினைத்துச் செய்தது பெருங்கேடாக முடிந்தது. சிமென்டிலும் செங்கலிலும் உள்ள கரையும் உப்பு ஈரத்தோடு கல்லுக்குள் ஏறும். ஈரம் வற்றும்போது உப்பு மட்டும் தோலுக்கு அடியில் படிகமாகி வீங்கும். அந்த அழுத்தத்தில் மேற்பரப்பு செதில் செதிலாகவோ மாவாகவோ உதிரும். கடற்கரை ஊரில் ஈரம் ஏறுவதும் வற்றுவதும் ஆண்டு முழுதும் நடக்கும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த காகிதக்கூழைக் கல்மேல் அப்பி, அது காயும்போது உப்பைத் தன்பக்கம் இழுக்கச் செய்து, பலமுறை மாற்றுவது இதற்கான சிகிச்சை. கல் சுவரிலிருந்து பிரியாதவரை பின்னாலிருந்து உப்பு வந்துகொண்டே இருக்கும். பிரிக்கப் போனால் கல்லே உடையலாம். சிற்பத்தின் விளிம்பில் வெள்ளைப் பூப்போலப் படிந்திருந்தால் தொடாதீர்கள். விரல் பட்டாலே ஒரு மூக்கு போய்விடும்.

மாலையில் கற்சிற்பக் கூடத்தில் பல்லவர், சோழர் கருங்கல்லையும் ஆந்திராவின் ஹேமாவதியிலிருந்து வந்த, நுளம்ப அரச மரபினரின் கரிய, வழவழப்பான கல்லையும் அடுத்தடுத்துப் பாருங்கள். கருங்கல்லில் சிற்பி விரலை அடையாளமாகக் காட்டினால் போதும் என்று விட்டுவிடுகிறான். நுளம்பக் கல்லில் நகைகளின் ஒவ்வொரு மணியும் எண்ணும்படி இருக்கிறது. கைத்திறன் எந்த அளவு, கல் அனுமதித்தது எந்த அளவு என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

வியாழன்: செம்பு

இன்று முழுவதும் படிமக்கூடம். வேறெதையும் சேர்க்காதீர்கள்.

ஐம்பொன் என்று சொல்கிறோம். எடைபோட்டால் பெரும்பகுதி செம்பு; அதோடு வெள்ளீயம், ஈயம். தென்னாட்டு உற்சவமூர்த்திகள் பெரும்பாலும் கனவார்ப்பு, அதாவது உள்ளே குழிவில்லாமல் முழுக்க உலோகம். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றும் முறை. சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான் நடக்கிறது.

முறையைத் தெரிந்துகொண்டு சிலை முன் நின்றால் பார்வையே மாறும். தேன்மெழுகோடு குங்கிலியமும் சிறிது எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சுவார்கள். குங்கிலியம் குறைந்தால் மெழுகு தளர்ந்து கை விரல்கள் வளையும், கூடினால் நொறுங்கும். அளவுக்குத் தென்னை ஓலையைக் கீறி, மடித்து மடித்து, சிற்பநூலின் உடல் அளவு முறையான தாளக் கணக்கில் பிரிப்பார்கள். அதற்கு ஒடியோலை என்று பெயர். உருவம் முடிந்ததும் காவிரி வண்டலைச் சலித்து, எரித்த உமிக்கரியோடு அரைத்து, மெல்லிய முதல் பூச்சுக் கொடுப்பார்கள். நகையின் ஒவ்வொரு கோட்டையும் பிடித்துக்கொள்வது இந்த முதல் பூச்சுதான். இதில் காற்றுக் குமிழி நின்றால் சிலையில் அந்த இடத்தில் பரு போல உலோகம் துருத்தும். நிழலில் காய்ந்த பிறகு அடுத்தடுத்துக் கனமான பூச்சு. பெரிய சிலைக்கு இரும்புக் கம்பிக் கட்டும் உண்டு. பிறகு சூடாக்கி மெழுகை வடிப்பார்கள். உலோகம் எவ்வளவு வேண்டும் என்பதை மெழுகின் எடையிலிருந்து கணக்கிடுவார்கள்: எட்டு முதல் பத்து மடங்கு. ஊற்றும்போது அச்சும் சூடாக இருக்க வேண்டும். அச்சு ஆறிவிட்டால் உலோகம் விரல் நுனிக்குப் போய்ச் சேருவதற்குள் உறைந்துவிடும். அச்சில் ஈரம் தங்கியிருந்தால் ஆவியாகி வெடிக்கும். இடையில் நிறுத்தி மீண்டும் ஊற்றினால் அந்த இடத்தில் ஒரு கோடு நின்றுவிடும். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். ஆகவே ஒவ்வொன்றும் ஒரே பிரதி.

ஆகவே முகத்தை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். வாய்ப்புள்ள இடத்தில் சுற்றிப் போய்ப் பின்புறம் பாருங்கள். தலைக்குப் பின்னால் சிரச்சக்கரம் எவ்வளவு பெரிது, சடை எப்படி இறங்குகிறது, பூணூல் எந்த வழியாகப் போகிறது என்று கவனியுங்கள். பூணூல் வலக்கையின் மேலேறிப் போனால் பல்லவர் காலச் சாயல். மூக்கு கூர்மையாகி, உடல் விறைத்து, நகை மட்டும் பெருகியிருந்தால் காலம் பிந்தியது. பீடத்தில் இருக்கும் துளைகளும் வளையங்களும் தண்டு செருகித் தூக்கிப் போவதற்கானவை. கண்ணும் உதடும் வழவழவென்று தேய்ந்திருந்தால் அது வார்ப்பின் குறை அல்ல. நூற்றாண்டுகளாக அபிஷேகம் செய்து துடைத்த கைகளின் தேய்மானம் அது. சிலவற்றில் கண்ணைப் பின்னாளில் திரும்பச் செதுக்கியிருப்பார்கள். மென்மையான முகத்தில் கண்கள் மட்டும் கூர்மையாகத் தெரிந்தால் அதுதான் காரணம்.

திருவாலங்காட்டு நடராசர் இங்கே இருக்கிறார். சுற்றித் திருவாசி என்ற சுடர் வளையம் இல்லை. வட்டம் இல்லாததால் உடலின் சுழற்சி தடையின்றித் தெரிகிறது. சென்னையின் நடராசர் படங்களைப் பார்த்துத்தான் பிரெஞ்சுச் சிற்பி ரோடின் சிவ நடனத்தைப் பற்றி எழுதினார். அது 1921-ல் வெளிவந்தது. அவர் பார்த்தது புகைப்படங்களை. நாம் அவர் பார்க்காத பக்கத்துக்கும் நகர்ந்து பார்க்க முடிகிறது. ஊன்றிய வலக்காலின் முழங்கால் மடிப்பையும் இடுப்பின் திருப்பத்தையும் பக்கவாட்டில் நின்று கவனியுங்கள். இவ்வளவு எடையும் அந்த ஒற்றைப் பாதத்தில் நிற்கிறது.

திருவெண்காட்டு அர்த்தநாரிக்கு மூன்று கைகள். சிவனின் பக்கம் இரண்டு, அம்மையின் பக்கம் ஒன்று. வலப்புறம் மடிந்த கை காளையின் மேல் சாய்ந்திருந்தது; காளை இப்போது இல்லை. தோளிலிருந்து கால்வரை இரண்டு பக்கங்களையும் தனித்தனியாகக் கண்ணால் வருடிப் பாருங்கள். மார்பு, இடுப்பு, ஆடை, நகை எல்லாம் நடுக்கோட்டில் மாறுகின்றன. ஆனால் நிற்கும் ஒயில் ஒன்றே. சோழர் வார்ப்பில் எங்களுக்கு இதற்கு மேல் ஒன்று தெரியவில்லை. அதே ஊரில் கிடைத்த ரிஷபவாகனர் தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இருக்கிறார். இதைப் பார்த்தவர்கள் அதையும் பார்த்தே ஆகவேண்டும்.

நாகப்பட்டினத்துப் புத்தர்களைத் தவறவிடாதீர்கள். 1856 முதல் அங்கே மண்ணுக்கடியிலிருந்து ஏறக்குறைய 350 பௌத்தப் படிமங்கள் வெளிவந்தன. ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய (சுமத்திரா) அரசன் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் இருந்த ஊர் அது. ஆனைமங்கலச் செப்பேடு அந்த விகாரத்துக்கு விட்ட நிலத்தைச் சொல்கிறது. தலைமுடிச்சின்மேல் தீச்சுடர் எழுந்தால் நாகப்பட்டினத்துக் கைவேலை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இந்தச் சிலைகள் இங்கே வந்த வழி சட்டத்தில் இருக்கிறது. ஆபத்துக் காலத்தில் கோயிலார் மண்ணில் புதைத்தவை, நூற்றாண்டுகள் கழித்து ஏரிலும் கடப்பாரையிலும் தட்டுப்பட்டன. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குச் சொல்ல வேண்டும். குறிப்புப் பலகையில் ஊர்ப்பெயர் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஊர்ப்பெயர் இருக்கும் சிலைக்குக் கோயிலும் கல்வெட்டும் துணைக்கு வரும். இல்லாத சிலை அழகாக மட்டும் நிற்கும்.

மண்ணில் கிடந்த செம்புக்கு ஒரு நோய் வரும். மண்ணின் உப்பு செம்போடு சேர்ந்து குளோரைடாகி, மேல்தோலுக்கு அடியில் தூங்கும். வெளியே எடுத்து ஈரக்காற்றுப் பட்டதும் விழித்துக்கொண்டு வெளிர்பச்சைப் பொடியாகப் பூக்கும். பூப்பதோடு நிற்காது, குழி பறித்துக்கொண்டே உள்ளே போகும். அடர்ந்த, கெட்டியான பச்சைப் படலம் சிலைக்குக் காவல்; தட்டினால் உதிரும் வெளிர்பச்சை மாவு நோய். இரண்டையும் குழப்பிக்கொண்டு பளபளக்கத் தேய்த்தால் காவல் போய் நோய் மிஞ்சும். காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்கு அருகில் நின்றால் நோய் அடங்கியிருக்கும். சென்னைக் காற்றில் அது தானாக ஒருநாளும் நடக்காது. அதனால்தான் மூடிய கண்ணாடிப் பேழை, ஈரம் உறிஞ்சும் மணிகள், இடைவிடாத கண்காணிப்பு. இங்கே 1930-ல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கியது. அதன் வேதியியலாளர் எஸ். பரமசிவன் நோய்கண்ட படிமங்களைக் காரக்கரைசலில் இறக்கி, மெல்லிய மின்சாரம் செலுத்தி, குளோரைடைப் பிரித்தெடுத்தார். உப்பு வெளியே வருவது நின்றதா என்று நீரைச் சோதித்துச் சோதித்துத்தான் சிலையை வெளியே எடுக்க முடியும். அவசரப்பட்டால் ஓராண்டில் பச்சை மீண்டும் பூக்கும்.

வெள்ளி: விடுமுறை

அருங்காட்சியகம் மூடியிருக்கும் நாளை நேற்றுப் பார்த்ததன் மறுபாதிக்கு வையுங்கள். மாலை நடை திறந்தபின் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலுக்குப் போய் உற்சவமூர்த்தியைப் பாருங்கள். பட்டு, மாலை, நகை எல்லாம் போர்த்தி முகமும் கையும் மட்டும் தெரியும். எழும்பூரில் நம்மை மயக்கிய இடுப்பின் வளைவு இங்கே யாருக்கும் தெரியாது. அபிஷேகம் செய்யும் குருக்களுக்கு மட்டும் தெரியும். ஸ்தபதி அவ்வளவு உழைத்தது யார் கண்ணுக்காக என்ற கேள்வி இங்கே நிற்கும்போதுதான் எழுகிறது. பங்குனியில் வந்தால் அறுபத்துமூவர் வீதியுலாவில் பீடத்துத் துளைகளின் வேலையையும் நேரில் பார்க்கலாம்.

சனி: இரும்பும் எலும்பும்

தொல்லியல் கூடத்தில் கூட்டம் நிற்பதில்லை. ஆனால் உலகத் தொல்லியலுக்குச் சென்னை கொடுத்த முதல் கொடை இங்கேதான் இருக்கிறது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழங்கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அதுதான் முதல் சான்று. சில மாதத்தில் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கமும் தெரியவந்தது. அங்கே பின்னாளில் நடந்த அகழாய்வு கைக்கோடரிகளின் காலத்தை ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுக்குக் கொண்டுபோனது. ஃபூட் வாழ்நாள் முழுதும் சேர்த்தவை 1904-ல் இந்த அருங்காட்சியகத்துக்கு வந்தன.

கூழாங்கல்லுக்கும் கைக்கோடரிக்கும் வித்தியாசம் தெரியாமல் தாண்டிப் போகிறவர்களே அதிகம். கல்லின் இரு முகத்திலும் சிப்பி போலக் குழிந்த சில்லுத் தழும்புகளைத் தேடுங்கள். ஒரு தழும்பு தற்செயலாக வரலாம். பத்துத் தழும்புகள் ஒரே விளிம்பை நோக்கி வரிசையாக ஓடினால் அங்கே ஒரு கை இருந்திருக்கிறது. விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் மெல்லிய நெளிவு தெரியும். ஒரு அடி இந்தப் பக்கம், அடுத்த அடி அந்தப் பக்கம் என்று மாறி மாறி அடித்ததன் தடம் அது.

ஆதிச்சநல்லூர்ப் பொருள்களுக்கு அரை மணியாவது ஒதுக்குங்கள். தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தாமிரபரணிக் கரையில் தோண்டியவை. இறந்தோரைப் புதைத்த தாழிகள், இரும்பு ஆயுதங்கள், விலங்கு உருவம் வைத்த வெண்கலக் கலன்கள், பொன் நெற்றிப்பட்டங்கள். நெற்றிப்பட்டம் காகிதம் போல மெல்லியது, நுனியில் கட்டுவதற்குத் துளை. மூவாயிரம் ஆண்டு வாக்கில் மண்ணில் கிடந்தும் பொன்னில் ஒரு கறை இல்லை. பக்கத்தில் இருக்கும் இரும்பைப் பாருங்கள்: வாளின் வடிவம் நிற்கிறது, வாளின் இரும்பு பெரும்பாலும் போய்விட்டது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அதனால் அடுக்கடுக்காக வீங்கிப் பிளக்கிறது. உப்பு உள்ளே இருந்தால் மேலே செந்நிறத் துளி வியர்க்கும். அப்படித் துளி கண்டால் பேழைக்குள் ஈரம் ஏறியிருக்கிறது என்று பொருள். 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கையில், அதே ஆற்றங்கரையில் உள்ள சிவகளையின் மாதிரிகள் கி.மு. நான்காம் ஆயிரமாண்டுவரை இரும்பைக் கொண்டுபோகின்றன. அறிஞர்களிடையே விவாதம் நடக்கிறது. விவாதத்தைப் படிக்குமுன் இந்த இரும்பைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

பிற்பகலில் விலங்கியல் பக்கம். மங்களூர்க் கரையில் 1874-ல் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடு குழந்தைகளுக்கு உடனே பிடித்துப்போகும். துடுப்பை அருகில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குள் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் எல்லாம் நம் கையின் வரிசையில் இருக்கின்றன. பின்னங்கால் இல்லை. திமிங்கில எலும்பு கடற்பஞ்சு போலத் துளை நிறைந்து, துளைக்குள் எண்ணெய் நிறைந்தது. எவ்வளவு சுத்தம் செய்தாலும் பல பத்தாண்டுகள் எண்ணெய் கசிந்து தூசியைப் பிடிக்கும், எலும்பு மஞ்சளாகும். பழைய பாடம்செய்த உடல்களைத் தொடக் கூடாது என்பதற்குத் தனிக் காரணமும் உண்டு. அந்நாளில் பூச்சியைத் தடுக்கத் தோலில் ஆர்சனிக் தடவுவது உலகெங்கும் வழக்கம். எலும்பு பரவாயில்லை. உரோமமும் இறகும் உள்ளவற்றிலிருந்து குழந்தைகளின் கையை விலக்கியே வையுங்கள்.

ஞாயிறு: தாளும் கூட்டமும்

கடைசி நாளைத் தற்காலிகக் கண்காட்சிக்கும் பொது நிகழ்ச்சிக்கும் வைத்ததற்குக் காரணம், கல்லையும் செம்பையும் பார்த்தபிறகுதான் இவை ஏன் தற்காலிகம் என்று புரியும். நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்திலேயே அறிவிப்புப் பலகையைப் பாருங்கள், கண்காட்சி எந்தக் கூடத்தில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மே 18 உலக அருங்காட்சியக நாள், ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய நாள், நவம்பர் 19 முதல் 25 வரை உலகப் பாரம்பரிய வாரம். உரைகளும் சிறப்புக் கண்காட்சிகளும் கூடும் காலம் இவை. பயணத் தேதி உங்கள் கையில் இருந்தால் இந்த நாள்களை ஒட்டி வையுங்கள்.

தாள், ஓலை, துணி, நீர்வண்ண ஓவியம் ஆகியவற்றுக்கு ஒளிதான் எதிரி. கல்லுக்கும் செம்புக்கும் ஒளியால் ஒன்றும் ஆகாது. சாயமோ, ஒருமுறை வெளுத்தால் திரும்ப வராது. இரவில் விளக்கணைத்தாலும் பகலில் ஏறிய கணக்கு குறையாது. மிக நொய்ந்த பொருள்களுக்கு வெளிச்சம் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வேண்டாம், ஆண்டுக்கு மொத்தம் 15,000 லக்ஸ்-மணி போதும் என்பது உலக அளவில் ஏற்ற வரம்பு. கணக்குப் போடுங்கள். 9.30 முதல் 5 வரை ஏழரை மணி நேரம். 50 லக்ஸில் ஒரு நாளைக்கு 375. நாற்பதே நாளில் ஓர் ஆண்டின் பங்கு தீர்ந்தது. யாரோ ‘இருட்டாக இருக்கிறது’ என்று 200 லக்ஸ் விளக்குப் போட்டால் பத்து நாளில் தீரும். கூடம் மங்கலாக இருப்பதும், கண்காட்சி ஆறு வாரத்தில் முடிவதும், ஃப்ளாஷ் கூடாது என்பதும் இந்தக் கணக்கிலிருந்து வருகின்றன. வெயிலிலிருந்து நேரே உள்ளே வந்தால் எதுவும் தெரியாது. ஐந்து நிமிடம் நுழைவுப் பலகையைப் படித்துக்கொண்டு நின்றால் கண் பழகிவிடும்.

எந்தத் தற்காலிகக் கண்காட்சியிலும் மூன்று விஷயம் கேட்கலாம். இது மூலமா, பிரதியா? எங்கே கிடைத்தது? சேகரிப்பு எண் என்ன? பொறுப்பில் இருக்கும் காப்பாட்சியரிடம் கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். அதிகமானோர் கழிப்பறை வழி மட்டும் கேட்கும் இடத்தில் இப்படி ஒரு கேள்வி வருவது அவர்களுக்கும் நிறைவு. பிரதி என்றால் குறைவாக நினைக்க வேண்டாம். மூலத்தை இருட்டில் காப்பாற்றிப் பிரதியை வெளிச்சத்தில் காட்டுவது சரியான முடிவு.

கல்வெட்டைத் தாளில் மையால் படியெடுக்கும் மைப்படிச் செயல்விளக்கம் எங்காவது நடந்தால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள். வேலை எளிதாகத் தெரியும், தவறு செய்ய நிறைய இடம் உண்டு. முதலில் கல்லை நார்த் தூரிகையால் நீர்விட்டுக் கழுவ வேண்டும். எழுத்துக் குழிக்குள் மண் தங்கினால் அந்த எழுத்து படியில் வராது. கம்பித் தூரிகை கூடாது, அது புதிதாகக் கீறல் போட்டுவிடும். கெட்டியான, நீரை உறிஞ்சும் தாளை நனைத்துக் கல்லில் பரப்பி, அடர்ந்த மயிருள்ள தூரிகையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தட்ட வேண்டும். ஓரத்திலிருந்து தட்டினால் காற்று நடுவில் மாட்டிக்கொண்டு உப்பும். தாள் ஒவ்வொரு குழிக்குள்ளும் இறங்கவேண்டும், கிழியக் கூடாது. கிழிந்த இடத்தில் சிறு துண்டுத் தாளை நனைத்து ஒட்டிவிடலாம்.

பிறகு காத்திருக்க வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். தாள் சொட்டச் சொட்ட இருக்கும்போது மை வைத்தால் கசிந்து குழிக்குள் ஓடி எழுத்தே கறுத்துவிடும். முற்றிலும் காய்ந்துவிட்டால் தாள் கல்லைவிட்டு எழும்பி, மையும் பிடிக்காது. தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. விளக்குக்கரியும் கோந்தும் சேர்த்த மையைத் துணிப்பந்தில் தொட்டு, முதலில் பழைய தாளில் ஒற்றி அதிக மையை எடுத்துவிட்டு, கல்வெட்டின்மேல் இலேசாகத் தட்டுங்கள். தேய்க்காதீர்கள். மேடு கறுக்கும், குழி வெள்ளையாக நிற்கும். கல்லில் கண்ணுக்குத் தெரியாத புள்ளியும் கொம்பும் தாளில் தெரிந்துவிடும். மை மேற்பக்கத்தில் இருப்பதால் எழுத்து நேராகவே வாசிக்கும்.

மூலையிலிருந்து மெதுவாக உரித்து நிழலில் காயவைத்து, மடிக்காமல் சுருட்டுங்கள். மடித்த கோட்டில் எழுத்து முதலில் கிழியும். சுருட்டுமுன் ஓரத்தில் பென்சிலால் ஊர்ப்பெயர், கோயில், எந்தச் சுவர், எந்தத் திசை, தேதி ஆகியவற்றை எழுதிவிடுங்கள்.